பணம் தராத கடையின் வெப்சைட்டை முடக்கினால் என்ன ஆகும்? ஈரோடு வாசகருக்கு ஒரு வக்கீலின் பதில்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 24 வயது, ஊர் ஈரோடு. வீட்டிலிருந்தே வெப்சைட் செய்து கொடுக்கிறேன். இங்குள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு ஆன்லைன் விற்பனைக்கான சைட் செய்து கொடுத்தேன். பேசியது 1,10,000 ரூபாய், அட்வான்ஸ் 25,000 தந்தார்கள். சைட் ஓட ஆரம்பித்து ஏழு மாதம் ஆகிவிட்டது, மீதி 85,000 வரவில்லை. அக்ரிமெண்ட் எதுவும் போடவில்லை, எல்லாம் வாட்ஸ்அப் பேச்சுதான். ஓனரிடம் கேட்டால் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம் தம்பி' என்பார், இப்போது போனையே எடுப்பதில்லை. காலேஜ் நண்பன் ஒருவன் ஏதோ ஒரு 'ஸ்ட்ரெஸ்ஸர்' சைட்டில் கணக்குத் தொடங்கி வைத்திருக்கிறான். சில டாலர் கட்டினால் தீபாவளி ஆஃபர் தொடங்கும் அன்று கடையின் சைட்டை நாள் முழுக்க முடக்கிவிடலாம், விபிஎன் போட்டுக்கொண்டு கிரிப்டோவில் கட்டினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிறான். உண்மையிலேயே கண்டுபிடிக்க முடியாதா? மாட்டினால் என்ன தண்டனை? அதுவும் வேண்டாம் என்றால், அட்மின் பாஸ்வேர்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. நான் செய்த சைட்டை நானே உள்ளே போய் நிறுத்தினால் அது குற்றமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்:

தம்பி, நீங்கள் செய்த சைட்டில் தினமும் ஆர்டர் விழுகிறது, உங்களுக்கு மட்டும் காசு வரவில்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். அந்தக் கோபத்தைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டதற்கு நேரான பதில் இதுதான்: கண்டுபிடித்துவிடுவார்கள், அதுவும் உங்கள் விஷயத்தில் சீக்கிரமாகவே. அப்புறம், இன்று 85,000 ரூபாய் வர வேண்டியவராக இருக்கிற நீங்கள் அந்த ஒரே நாளில் அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவராக மாறிவிடுவீர்கள். இந்தப் பணத்தை வாங்க வழி இருக்கிறது, அதையும் சொல்கிறேன். முதலில் உங்கள் நண்பர் சொன்னதை எடுத்துக்கொள்வோம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை. இந்த மாதிரித் தாக்குதலில் கடையின் சர்வருக்கு வரும் போலி டிராஃபிக் உங்கள் லேப்டாப்பிலிருந்து நேராகப் போகாது. எங்கோ ஒரு நாட்டில் யார் வீட்டிலோ மாட்டியிருக்கிற கண்காணிப்புக் கேமரா, பாஸ்வேர்டு மாற்றாமல் விட்ட ரவுட்டர், வைரஸ் ஏறிய கம்ப்யூட்டர் என்று ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து வரும். 2016-இல் அமெரிக்காவில் பெரிய சைட்டுகளையே முடக்கிய மிராய் பாட்நெட் (வைரஸ் ஏற்றி வசப்படுத்திய கருவிகளின் கூட்டம்) இப்படிப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் வைத்துத்தான் ஓடியது. ஆகவே கடையின் சர்வர் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் உங்கள் பெயரோ உங்கள் ஐபி முகவரியோ (உங்கள் இணைய இணைப்பைக் காட்டும் எண்) அதில் இருக்காது என்பது சரிதான். ஆனால் போலீஸ் விசாரணை அங்கேயிருந்தா ஆரம்பிக்கிறது? உங்கள் நண்பருக்குப் புரியாத இடம் அதுதான்.

எப்படி ஆரம்பிக்கும் என்று சொல்கிறேன், ஸ்டேஷனில் உட்கார்ந்து பலமுறை பார்த்ததுதான். கடைக்காரர் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போவார், அல்லது 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்வார். தீபாவளி ஆஃபர் அன்று காலை பத்து மணியிலிருந்து சைட் திறக்கவில்லை, ஹோஸ்டிங் கம்பெனியில் கேட்டால் யாரோ வேண்டுமென்றே டிராஃபிக் அனுப்புகிறார்கள் என்கிறார்கள், இத்தனை ரூபாய் வியாபாரம் போச்சு என்று எழுதிக் கொடுப்பார். வாங்கிப் படிக்கிற அதிகாரி கேட்கும் முதல் கேள்வி ஐபி முகவரியைப் பற்றி இருக்காது. "உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்பதுதான். அவர் இரண்டு பெயர் சொல்வார். ஒன்று போட்டிக் கடைக்காரர். இன்னொன்று நீங்கள். "சைட் செஞ்ச பையனுக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கு சார், திட்டித் திட்டி மெசேஜ் போட்டுட்டு இருந்தான்" என்று சொல்லிப் போனை எடுத்து நீட்டுவார். அதில் நீங்கள் எப்போதோ ஆத்திரத்தில் 'பாருங்க, உங்க சைட் எப்படி ஓடுதுன்னு பார்க்கலாம்' என்று ஒரு வரி போட்டிருந்தால் அவ்வளவுதான். பல்லாயிரம் ஐபி முகவரிகளைத் துரத்த வேண்டிய வேலை ஒரே ஒரு ஆளின் போனையும் லேப்டாப்பையும் வாங்கிப் பார்க்கிற வேலையாகச் சுருங்கிவிடும். தாக்குதலில் இருந்து ஆளைத் தேடிப் போவது கஷ்டம். பகை இருக்கிற ஆளிடமிருந்து தாக்குதலை நோக்கி வருவது ரொம்பச் சுலபம். உங்கள் நண்பர் முதல் வழியை மட்டும் நினைத்துக்கொண்டு பேசுகிறார்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள், ஏறக்குறைய உங்கள் கதைதான். ஜான் கெல்சி காமெல் என்பவர் தான் முன்பு வேலை பார்த்த கம்பெனியின் சைட்டைக் காசு கொடுத்து ஆள் வைத்து முடக்கினார். 2015 நடுவில் ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் செய்தார், பழைய முதலாளிகள், வேலை தராத கம்பெனிகள் என்று பட்டியல் நீண்டது. உங்கள் நண்பர் சொல்கிற எல்லாவற்றையும் அவர் செய்தார். ஐபியை மறைக்கும் சேவை, கிரிப்டோவில் பணம், பொய்யான மின்னஞ்சல், ஹார்ட் டிஸ்க்கை அழிக்கும் மென்பொருள், எல்லாம். ஆனாலும் மனசு அடங்கவில்லை. சைட் விழுந்துகிடந்த நேரத்தில் அந்தக் கம்பெனிக்கே, கம்ப்யூட்டரில் ஏதாவது பிரச்சினையா, உதவி வேண்டுமா என்று கேலியாக மின்னஞ்சல் அனுப்பினார். அந்த மின்னஞ்சல் கணக்கு யாருடையது என்று எஃப்பிஐ கேட்டு வாங்கியது, நூல் பிடித்து வீடு வரை வந்தது. 2018 மே மாதம் 15 வருடச் சிறைத் தண்டனை. அவர் ஏற்கெனவே தண்டனை பெற்றவர் என்பதும், துப்பாக்கி வைத்திருந்த குற்றமும் சேர்ந்ததால்தான் அவ்வளவு வருடம், அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் மாட்டிய விதத்தைக் கவனியுங்கள். தொழில்நுட்பம் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை, முதலாளி பார்த்துத் தவிக்க வேண்டும் என்ற ஆசைதான் காட்டிக் கொடுத்தது. அந்த ஆசை உங்களுக்கும் இருக்கிறது தம்பி, இல்லையென்றால் தீபாவளி நாளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டீர்கள்.

சரி, அந்த ஸ்ட்ரெஸ்ஸர் சைட்டுக்கு வருவோம். காசு வாங்கிக்கொண்டு அடுத்தவர் சைட்டைத் தாக்கித் தருகிற கடை அது, வேறொன்றும் இல்லை. அதை நடத்துகிறவர் யார்? அவர் உங்கள் ரகசியத்தை ஏன் காப்பாற்ற வேண்டும்? இந்த வியாபாரத்தின் வரலாற்றை எடுத்துப் பார்த்தால் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே வராத பெரிய கடையைச் சொல்வதே கஷ்டம். 2015 ஜனவரியில் லிசார்ட் ஸ்ட்ரெஸ்ஸர் என்ற சேவையையே யாரோ உடைத்து உள்ளே போனார்கள், 14,000-க்கும் மேற்பட்ட பயனர்களின் பெயரும் பாஸ்வேர்டும் மறைகுறியாக்கம்கூட இல்லாமல் அப்படியே கிடந்தன. 2016-இல் விடாஸ் என்ற சேவை. இஸ்ரேலைச் சேர்ந்த இரண்டு பையன்கள் நடத்தியது, இரண்டு வருடத்தில் 6 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தார்கள். அதன் முழுத் தரவும் கசிந்தது, எந்தக் கணக்கு எந்தத் தேதியில் எந்த சைட்டைத் தாக்கச் சொன்னது என்பது உட்பட. மேலே சொன்ன காமெலும் அதன் வாடிக்கையாளர்தான்.

இதையெல்லாம் விட 2018 ஏப்ரலில் நடந்தது முக்கியம். வெப்ஸ்ட்ரெஸ்ஸர் என்ற சைட்டை ஐரோப்பிய நாடுகளின் கூட்டுப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து மூடினார்கள். பதிவு செய்த பயனர்கள் 1,36,000 பேர், அதன் வழியாக நடந்த தாக்குதல்கள் 40 லட்சம் வரை, மாதக் கட்டணம் 15 யூரோவிலிருந்து. நடத்தியவர்களைப் பிடித்ததோடு விடவில்லை. கைப்பற்றிய பட்டியலை வைத்துக்கொண்டு அடுத்த வருடம் பல நாடுகளில் சேவையை வாங்கியவர்களின் கதவைத் தட்டினார்கள், பிரிட்டனில் மட்டும் 250-க்கும் மேற்பட்டவர்கள் மேல் நடவடிக்கை வரும் என்று அறிவித்தார்கள். அப்புறம் 2023 மார்ச்சில் பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு அமைப்பு ஒரு விஷயத்தை வெளியிட்டது: இந்த மாதிரி சைட்டுகள் சிலவற்றை அவர்களே போலியாகத் தொடங்கி நடத்தி வந்திருக்கிறார்கள். பல ஆயிரம் பேர் உள்ளே வந்து பதிவு செய்திருக்கிறார்கள். தாக்குதல் ஒன்றும் நடக்காது, பதிவு செய்தவரின் விவரம் மட்டும் போலீஸ் கையில் சேரும், வெளிநாட்டுக்காரர் என்றால் அந்த நாட்டுப் போலீஸுக்கு அனுப்பி வைக்கப்படும். உங்கள் நண்பர் கணக்குத் தொடங்கியிருக்கிற சைட் எந்த வகை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

'எங்கள் சேவையை உங்கள் சொந்த சைட்டைச் சோதிக்க மட்டுமே பயன்படுத்த வேண்டும்' என்று ஒரு கட்டத்தில் டிக் போடச் சொல்வார்கள். அது உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டவுன்தெம் என்ற சேவையை நடத்தியவர் அதே மாதிரிச் சொல்லித்தான் தப்பிக்கப் பார்த்தார், ஜூரி ஏற்கவில்லை, 2022-இல் இரண்டு வருடம் சிறை.

இனி விபிஎன், அதாவது உங்கள் ஐபியை மறைத்து வேறு சர்வர் வழியாக இணையத்துக்கு அனுப்பும் சேவை. நம் ஊர் நிலைமை வேறு என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பதிவுகளை வைத்திருக்கும் விஷயத்தில் இந்தியா மிகவும் கறாராகிவிட்டது. உங்கள் செல்போன் கம்பெனியும் பிராட்பேண்ட் கம்பெனியும் நீங்கள் எப்போது எந்த ஐபியோடு பேசினீர்கள் என்ற பதிவை இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனையையே மாற்றினார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி இங்கே விபிஎன், கிளவுட் சர்வர் தருகிறவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி எல்லாவற்றையும் ஐந்து வருடம் பாதுகாக்க வேண்டும். அது பிடிக்காமல் சில வெளிநாட்டு விபிஎன் கம்பெனிகள் தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போனது உண்மை. அப்படிப்பட்ட கம்பெனி விவரம் தராமலும் போகலாம். ஆனால் உங்கள் வீட்டு இணைப்பு அந்த நாள் அந்த நிமிடம் விபிஎன்னோடு பேசியது என்ற பதிவு உங்கள் பிராட்பேண்ட் கம்பெனியிடம் இருக்கும், சைட் விழுந்த நேரம் கடைக்காரரிடம் இருக்கும். இரண்டும் பொருந்துவது மட்டும் தண்டனைக்குப் போதாது, ஆனால் லேப்டாப்பைக் கைப்பற்றப் போதும். கைப்பற்றிய லேப்டாப்பில் மிச்சம் கிடைக்கும். கிரிப்டோ என்றாலும் இதே கதைதான்: ரூபாயைக் கொடுத்து நாணயம் வாங்கிய இடம் ஒரு இந்திய எக்ஸ்சேஞ்ச், 2023 மார்ச்சிலிருந்து அவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, உங்கள் பான் எண் அங்கே இருக்கிறது.

இனி சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஒரு கம்ப்யூட்டரின் இயக்கத்தைக் குலைப்பதும், அதைப் பயன்படுத்த உரிமை உள்ளவருக்கு அணுகல் கிடைக்காமல் செய்வதும் அதில் தனித்தனியாக எழுதியே இருக்கின்றன. நீங்கள் செய்ய நினைப்பது வரிக்கு வரி அதுதான். அதை 'நேர்மையின்றி' செய்தால் பிரிவு 66, மூன்று வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்கிற இடம் ஒன்று உண்டு. 'எனக்கு இதில் ஒரு ரூபாய் லாபம் இல்லையே, எப்படி நேர்மையின்மை ஆகும்?' என்று கேட்பார்கள். தனக்கு முறையற்ற லாபம் தேடுவது மட்டும் அல்ல, அடுத்தவருக்கு முறையற்ற நஷ்டம் உண்டாக்கும் நோக்கமும் நேர்மையின்மைதான் என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. கடைக்காரருக்கு நஷ்டம் வரவேண்டும் என்பதற்காகத்தானே செய்கிறீர்கள்?

உங்கள் நண்பரும் தப்ப முடியாது. உடந்தைக்குப் பிரிவு 84பி, குற்றம் செய்தவருக்கு உள்ள அதே தண்டனை. முயற்சி செய்து சைட் விழாமல் போனாலும் 84சி இருக்கிறது, அதிகபட்சத் தண்டனையில் பாதி வரை. அதனால் 'ஒரு பத்து செகண்ட் போட்டுச் சும்மா சோதித்துப் பார்க்கலாம்' என்ற பேச்சே வேண்டாம். இன்னொன்று, 'பணத்தைக் கொடு, இல்லாவிட்டால் சைட் ஓடாது' என்று முன்கூட்டியே ஒரு மெசேஜ் போட்டீர்கள் என்றால் மிரட்டிப் பணம் பறித்தல் என்ற குற்றத்தையும் எஃப்ஐஆரில் சேர்க்கப் பார்ப்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பிரிவு 308, ஏழு வருடம் வரை போகும். எனக்கு வர வேண்டிய பணத்தைத்தானே கேட்டேன் என்று வாதாட இடம் உண்டு, ஆனால் அந்த வாதத்தை ஜாமீன் மனுவில் எழுதிக்கொண்டிருக்கும் நிலைமைக்கு நீங்கள் ஏன் போக வேண்டும்?

பிரிவு 66 ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். முதல் முறை மாட்டிய 24 வயதுப் பையனை மூன்று வருடம் உள்ளே வைப்பார்கள் என்று பயமுறுத்த மாட்டேன், அது நடப்பு இல்லை. நிஜமான அடி வேறு இடத்தில் விழும். வீட்டுக்கு வருவார்கள், அம்மா அப்பா முன்னால் மகஜர் எழுதுவார்கள், லேப்டாப், போன், வெளி ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் எல்லாவற்றையும் கவரில் போட்டுச் சீல் வைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். தடய அறிவியல் அறிக்கை வரும் வரை அவை திரும்பாது, மாதக்கணக்கில் ஆகும். அதில்தான் உங்கள் மற்ற வாடிக்கையாளர்களின் வேலையும் இருக்கிறது. நீங்கள் பிழைப்பதே அந்தக் கருவிகளை வைத்துத்தான். வழக்கு நிலுவையில் இருக்கும் வரை பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் சரிபார்ப்பில் சிக்கல், நாளை ஒரு ஐடி கம்பெனியில் சேரப் போனால் பின்னணி விசாரணையில் எஃப்ஐஆர் வந்து நிற்கும். வெப்சைட் செய்கிறவர் மேல் வெப்சைட் முடக்கிய வழக்கு இருந்தால் யார் பாஸ்வேர்டை நம்பிக் கொடுப்பார்கள்?

அப்புறம் நஷ்ட ஈடு. ஒவ்வொரு மாநிலத்திலும் ஐடி துறைச் செயலாளர்தான் இந்தச் சட்டத்தின் கீழ் தீர்ப்பு வழங்கும் அதிகாரி, ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை அவரே விசாரிக்கலாம். கடைக்காரர் தீபாவளி வியாபாரம் போனது, அவசரத்துக்கு ஆள் வைத்தது, விலை உயர்ந்த பாதுகாப்புச் சேவை வாங்கியது என்று எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றுவார். இதில் தொகை எப்படி ஏறும் என்பதற்கு எரிக் ரோசால் என்ற விஸ்கான்சின் லாரி டிரைவரின் வழக்கைச் சொல்ல வேண்டும். 2011 பிப்ரவரியில் கோக் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனிக்கு எதிராக இணையத்தில் பலர் சேர்ந்து நடத்திய தாக்குதலில் அவரும் தன் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருளை ஓடவிட்டார், ஏறக்குறைய ஒரே ஒரு நிமிடம். சைட் கால் மணி நேரம் விழுந்தது. நேரடி நஷ்டம் 5,000 டாலருக்கும் குறைவு. ஆனால் சைட்டைக் காப்பாற்ற அந்தக் கம்பெனி ஆலோசகர்களுக்குக் கொடுத்த 1,83,000 டாலரை அவர்தான் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று, கூடவே இரண்டு வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. அந்த ஒரு நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

நம் பக்கம் நியாயம் இருக்கிறதே என்ற எண்ணமும் கோர்ட்டில் செல்லாது. மார்ட்டின் காட்டஸ்ஃபெல்ட் என்பவர் ஒரு சிறுமியை ஆஸ்பத்திரி அநியாயமாகப் பிடித்து வைத்திருக்கிறது என்று மனதார நம்பி 2014-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் இணைப்பை முடக்கினார். விசாரணை நெருங்கியதும் மனைவியோடு படகில் கடலுக்குள் போய், கியூபா அருகே தத்தளித்து, ஒரு சொகுசுக் கப்பல் காப்பாற்றிக் கரை சேர்த்தது. கரையில் கைது. 2019 ஜனவரியில் பத்து வருடத்துக்கு மேல் சிறை, 4,43,000 டாலர் நஷ்ட ஈடு. ஆஸ்பத்திரி என்றதும் இன்னொன்று. உங்கள் ஜவுளிக் கடையின் சைட் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்களே வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதே சர்வரில் வேறு யாருடைய சைட்டெல்லாம் இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் பக்கம் இருக்கலாம், ஒரு பள்ளியின் ரிசல்ட் பக்கம் இருக்கலாம். எல்லாம் சேர்ந்து விழும், அவர்களும் புகார் கொடுப்பார்கள். சர்வர் சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்திலும் அது குற்றம்.

பாஸ்வேர்டு கேள்வி. உண்மையைச் சொன்னால் எனக்கு இதுதான் அதிகக் கவலை, ஏனென்றால் ஸ்ட்ரெஸ்ஸருக்கு நண்பர் வேண்டும், டாலர் வேண்டும், இதற்கு ராத்திரி ஒரு மணிக்குக் கோபம் வந்தால் போதும். நீங்கள் செய்த சைட் என்பதாலேயே எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகும் உரிமை உங்களுக்குக் கிடையாது. வேலைக்காகக் கொடுத்த பாஸ்வேர்டை, வேலை முடிந்த பிறகு அவருக்கு எதிராகப் பயன்படுத்தினால் அதுவும் அனுமதியற்ற அணுகல், அதே 43, அதே 66. இதில் மாட்டுவது இன்னும் எளிது. உள்ளே போனவரின் பயனர் பெயர், நேரம், ஐபி எல்லாம் ஹோஸ்டிங் பேனலில் பதிவாகும், இங்கே எந்தக் கேமராவும் ரவுட்டரும் குறுக்கே நிற்காது. பணம் வராவிட்டால் தானாக நின்றுபோகும்படி புரோகிராம் கோடு எழுதி வைப்பதும் ஒப்பந்தத்தில் தெளிவாகச் சொல்லாமல் செய்தால் இதே வில்லங்கம்தான். ஆகவே இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். கடைக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் போடுங்கள்: அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றிக்கொள்ளவும், இனி நான் உள்ளே நுழைய மாட்டேன், மீதித் தொகை 85,000 நிலுவையில் இருக்கிறது என்று. நாளைக்கு வேறு எவனோ அந்த சைட்டைத் தாக்கினாலும் முதல் சந்தேகம் உங்கள் மேல் வருவதை அந்த ஒரு மின்னஞ்சல் தடுக்கும்.

நண்பரிடம் அந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம் என்று சொல்லுங்கள். கணக்குத் தொடங்கியது மட்டும் குற்ற முயற்சி ஆகாது, பணம் கட்டி இலக்கைக் கொடுத்தால்தான் எல்லை தாண்டுகிறீர்கள். ஏற்கெனவே ஏதாவது சோதித்துப் பார்த்திருந்தால் அதைப் பற்றி யாரோடும் சாட் செய்ய வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம். ஆதாரத்தை அழிப்பது தனிக் குற்றம். நேரில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.

இப்போது பணம். நீங்கள் நினைப்பதை விட உங்கள் கை பலமாக இருக்கிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லை என்று வருத்தப்படுகிறீர்கள், ஆனால் மின்னணுப் பேச்சில் ஏற்பட்ட ஒப்பந்தம் செல்லும் என்று இதே ஐடி சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. தொகையைப் பேசிய மெசேஜ், அட்வான்ஸ் வந்த வங்கிப் பதிவு, சைட் ஓடிக்கொண்டிருப்பது, எல்லாவற்றுக்கும் மேல் அவர் போட்ட 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம் தம்பி'. பாக்கி இல்லை என்று அவர் சொல்லவில்லை பாருங்கள். அது கடனை ஒப்புக்கொண்ட வார்த்தை, வக்கீல் நோட்டீஸில் முதல் பத்தியிலேயே வரவேண்டியது.

உத்யம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறீர்களா? அதுவும் இந்த வேலையை எடுப்பதற்கு முன்பே? இருந்தால் குறு, சிறு தொழில் சட்டம் 2006 உங்கள் பக்கம். எழுத்தில் கெடு பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், உங்களைப் போல எழுத்து ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென்றே உள்ள கவுன்சிலில் ஆன்லைனிலேயே மனு போடலாம். குறு, சிறு நிறுவனத்துக்கு நேரத்தில் கட்டாத தொகையை அந்த வருடச் செலவாகக் காட்டி வருமான வரியில் கழிக்க முடியாது என்பதும் வந்துவிட்டது, கடையின் ஆடிட்டருக்கு இது நன்றாகத் தெரியும். நோட்டீஸில் ஒரு வரி அதைக் குறிப்பிட்டால் ஓனர் தன் ஆடிட்டரைக் கூப்பிட்டுக் கேட்பார், பாதி வேலை அங்கேயே முடியும்.

பதிவு இல்லை என்றாலும் பரவாயில்லை. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க மனு கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது, அங்கே எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். ஊரில் பெயர் உள்ள கடைக்காரர்கள் பெரும்பாலும் அங்கே தவணை கேட்டாவது ஒத்துக்கொள்கிறார்கள். அதிலும் வரவில்லை என்றால் உரிமையியல் கோர்ட்டில் பண வசூல் வழக்கு. மூன்று வருடக் கெடு இருக்கிறது, அதற்காக மூன்று வருடம் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இன்னொரு பிடியும் உண்டு. நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் இல்லை, கோடின் பதிப்புரிமையை (காப்பிரைட்) அவருக்கு எழுதிக் கொடுக்கவும் இல்லை. எழுத்துப்பூர்வமாக மாற்றிக் கொடுக்காத வரை பதிப்புரிமைச் சட்டப்படி அது பொதுவாக எழுதியவரிடம்தான் இருக்கும். பயன்படுத்திக்கொள்ள மறைமுக அனுமதி இருந்தது என்று அவர் தரப்பில் வாதாடுவார்கள், ஆனாலும் பணம் கட்டாமல் எப்படி அந்த அனுமதி நிற்கும் என்று நோட்டீஸில் கேட்கலாம். பேச்சுவார்த்தைக்கு அவரை உட்கார வைக்க இது உதவும்.

நோட்டீஸ் போகும் வரைக்கும் அந்தப் பழைய போனை மாற்றவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப் பேச்சைக் கோர்ட்டில் ஆதாரமாகப் போட பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு ஸ்கிரீன்ஷாட்டைப் போலி என்று மறுத்தால் மூலமாக இருக்கிற போனைத்தான் கேட்பார்கள். மெசேஜ்களை எக்ஸ்போர்ட் செய்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள், அட்வான்ஸ் வந்த மாதத்தின் வங்கி ஸ்டேட்மென்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரத்திலேயே ஒரு வக்கீலைப் போய்ப் பாருங்கள்.